இதயச் செயலிழப்பு உள்ளவரின் நடைத்திறனைக் கூட்டுவது எப்படி: வீட்டில் வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை

இதயச் செயலிழப்பு என்று சொல்லி, மருந்து எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின்பு, 'இனி எவ்வளவு நடக்கலாம், எதிலிருந்து தொடங்கலாம்' என்று தெரியாமல் இருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கத்து வீடுகளில் இயன்முறை சிகிச்சையாளராக இந்தப் பயிற்சியை நடத்தி வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். முதலில் சரிசெய்ய வேண்டியதை விட்டுவிட்டு நடையில் இறங்குகிறார்கள். இரண்டாம் வாரத்தில் இளைப்பு வந்ததும் 'எனக்கு நடை ஒத்துக்கொள்ளவில்லை' என்று மீண்டும் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார்கள்.

1. எக்கோ எண்ணை வைத்து நடையை முடிவு செய்யாதீர்கள்

எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) அறிக்கையில் 'இ.எஃப். 30 சதவீதம்' என்று இருப்பதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நோயாளியை உட்கார வைத்துவிடுகிறார்கள். இதயத்தின் இடது கீழறை தன்னிடம் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதை அதிலிருந்து கணிக்க முடியாது. 30 சதவீதம் உள்ளவர் கடைத்தெருவுக்குப் போய் வருவார். இயல்பான அளவான 55 சதவீதம் உள்ளவர் வளவை (வீட்டின் நடுமுற்றப் பகுதியை)த் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி உட்காருவார்.

காரணம், நடப்பதற்குப் பல உறுப்புகள் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். நுரையீரல் இழுக்கும் ஆக்சிஜனை இரத்தம் சுமக்க வேண்டும், இதயம் அனுப்ப வேண்டும், காலுக்குப் போகும் குழாய்கள் விரிய வேண்டும், தசை அதைப் பயன்படுத்த வேண்டும். இந்த நோயில் இவை எல்லாமே பழுதுபடுகின்றன. அவற்றில் பல, இதயத்தின் எண் மாறாமலேயே சீராகக்கூடியவை. பயிற்சியால் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு கால் தசையிலும் இரத்தக் குழாய்களிலும் நடக்கும் மாற்றத்தால் வருவது. ஆகவே எண் உயரும்வரை காத்திருப்பவர், காத்திருக்கும் காலத்திலேயே காலை இழந்துகொண்டிருக்கிறார். நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தபோதே கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது.

2. முதலில் மருத்துவரிடம் கேட்டு முடிக்க வேண்டியவை

மருத்துவர் அனுமதிக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். உடலில் நீர் தேங்கியிருக்கும்போது, ஓய்விலேயே மூச்சு வாங்கும்போது, ஓய்விலும் நெஞ்சுவலி இருக்கும்போது, துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடும்போது, ஓய்வில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டும்போது, காய்ச்சல் இருக்கும்போது நடைப் பயிற்சி கூடாது. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால் முதலில் வால்வுக்கு வழி பார்க்க வேண்டும். இதயத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்தியிருந்தால், அது எத்தனை துடிப்பில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது துடிப்பு அதற்குக் கணிசமாகக் கீழேயே இருக்க வேண்டும்.

அடுத்து மருந்து. இ.எஃப். குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடிப்படையாகத் தரப்படுகின்றன: ஏ.சி.இ. தடுப்பான் அல்லது அதன் இடத்தில் வரும் மருந்து, பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் வகை, எஸ்.ஜி.எல்.டி.2 வகை. பீட்டா பிளாக்கர் தொடங்கிய முதல் சில வாரங்களில் அசதி இருப்பது இயல்பு. அந்த அசதிக்குப் பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது நான் அடிக்கடி காணும் தவறு. திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

இன்னொரு தவறு மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கிறது. கேட்டு வாங்கி டைக்ளோஃபினாக் அல்லது ஐபுபுரோஃபென் போட்டுக்கொள்கிறார்கள். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதித்து, இதயச் செயலிழப்பை மோசமாக்கும். கால் வீங்குகிறது, இளைப்பு கூடுகிறது, பழி நடையின் மேல் விழுகிறது. வலிக்கு எதைப் போடலாம் என்பதை நடையைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்திருந்து எழுந்து நின்றபின் மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 அளவு இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இறங்குபவர்கள் விழுவார்கள்.

3. இரும்புச்சத்தைச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் இரும்புக் குறை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இதயச் செயலிழப்பில் ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இரும்பு குறைந்திருக்கலாம். இரும்பு இரத்தத்துக்கு மட்டுமன்றித் தசைக்கும் வேண்டும். தசையின் உயிரணுக்கள் ஆற்றல் உண்டாக்கும் வேலையிலேயே அது பங்கெடுக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தாலோ, 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அதை இரும்புக் குறை என்று எடுத்துக்கொள்வது இந்த நோயில் பரவலாக உள்ள வரையறை.

இரும்புக் குறை தெரிந்ததும் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது அடுத்த தவறு. 2009-இல் வெளிவந்த 'ஃபேர்-எச்.எஃப்.' ஆய்வில் 459 நோயாளிகள் பங்கேற்றார்கள். நரம்பு வழியாக இரும்பு பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் கூடியது, அன்றாட இளைப்பும் குறைந்தது. 2017-இல் வெளிவந்த 'அயர்ன்-அவுட்' ஆய்வில் 16 வாரம் வாய்வழி இரும்பு கொடுத்தும் உழைப்புத் திறன் கூடவில்லை. இந்த நோயில் குடல் இரும்பைச் சரியாக ஈர்ப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இ.எஃப். குறைந்து, இரும்பும் குறைந்தவர்கள், ஊசி வழி இரும்பு தங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். குறையைச் சரிசெய்யாமல் நடக்கச் சொல்வது நோயாளியைக் களைக்கச் செய்வதே. தைராய்டு, இரத்த சோகை, துடிப்பு ஒழுங்கின்மை ஆகியவற்றையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம்.

4. தொடக்க அளவை எடுங்கள்

அளவு இல்லாமல் தொடங்குபவருக்கு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் மனம் விட்டுப்போகும். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு ஒரு கடிகாரமும் நேரான பாதையும் போதும்.

முறைப்படி பாதை 30 மீட்டர் இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை நேர்கோட்டில் தெரிகிறது என்பதால் அதையே பாதையாக வைத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம், ஒவ்வொரு கட்டிலும் நிலைப்படி குறுக்கிடும், காலைத் தூக்கி வைக்கும் இடத்தில் வேகமும் கெடும், தடுக்கியும் விழுவார்கள். வளவைச் சுற்றியுள்ள பத்தியில் நீண்ட பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் ஒரு கல்லின் நீளத்தை அளந்து, கற்களை எண்ணிப் பெருக்கினால் பாதையின் நீளம் கிடைத்துவிடும். அந்தக் கல் ஈரத்தில் வழுக்கும். தரை துடைத்த சூட்டோடு சோதனை செய்யாதீர்கள், வெறும் காலுறையோடும் நடக்க விடாதீர்கள். பாதை 30 மீட்டருக்குக் குறைவானால் திரும்பும் இடங்கள் கூடி, நடக்கும் தூரம் குறைவாக வரும். அதனால் குற்றமில்லை, ஆனால் அடுத்தமுறையும் அதே பாதையில்தான் அளக்க வேண்டும்.

நோயாளி பத்து நிமிடம் நாற்காலியில் இருக்கட்டும். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடங்கள், ஓட வேண்டாம், முடியாவிட்டால் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் தொடரலாம்' என்று சொல்லுங்கள். அவர் நின்றாலும் கடிகாரம் நிற்கக் கூடாது. மகனோ மகளோ முன்னால் நடந்து இழுத்துக்கொண்டு போவது தவறு; பக்கத்தில் நடந்தால்கூட அவர் உங்கள் வேகத்துக்கு நடப்பார். ஓரடி பின்னால் போங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். முதல் முறை பழக்கத்துக்கே போய்விடும். வேறொரு நாள் மீண்டும் செய்து, இரண்டில் கூடுதலாக வந்ததை எழுதிக்கொள்ளுங்கள். 300 மீட்டருக்குக் குறைவாக நடப்பவர்கள் கூடுதல் கவனிப்பு வேண்டியவர்கள். அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூடவே ஒன்று: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் காலில் வலு குறைவு என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு 7-ஆம் படியை நடைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

5. ஒவ்வொரு நாளும் காலையில் எடை

எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடும் முன், அதே அளவு உடையில் எடை பாருங்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது நீர். அன்று பயிற்சி இல்லை, மருத்துவருக்குத் தொலைபேசி. இளைப்பு தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும் என்பதால்தான் இந்தப் படி நடைக்கு முன்னால் வருகிறது.

எடை ஏறும் வீடுகளில் நான் முதலில் பார்ப்பது சமையலறையைத்தான். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டோம் என்பார்கள். தட்டின் ஓரத்தில் மாவற்றல், அப்பளம், ஊறுகாய் இருக்கும், அசைவ வீடானால் உப்புக்கண்டமோ கருவாடோ இருக்கும். நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, என்பது எல்லை. பலகாரத் தூக்கில் உள்ள தேன்குழலும் சீப்புச் சீடையும் இந்தக் கணக்கில் சேரும். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பை மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

உடல் பருமன் உள்ள, இ.எஃப். இயல்பாக இருக்கும் முதியவர்கள் உணவைக் குறைத்து எடை இறக்கினாலே நடைத்திறன் கூடும்; அதோடு பயிற்சியும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடும். மெலிந்து கொண்டே போகிறவருக்கு இது பொருந்தாது. அவருக்கு முட்டை, மீன், பருப்பு என்று புரதம் கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

6. நடையைத் தொடங்குங்கள்

முதல் வாரம் 5 நிமிடம் நடை, தேவையான ஓய்வு, மீண்டும் 5 நிமிடம். அவ்வளவே. அதுவும் முடியாதவர் 2 நிமிடம் நடந்து 1 நிமிடம் உட்காரலாம். இப்படித் துண்டு துண்டாக நடப்பதும் கணக்கில் சேரும். வாரத்தில் ஐந்து நாள் நடக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் சில நிமிடம் மட்டும் கூட்டி, நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவை இரண்டு மூன்று மாதத்தில் எட்டினால் போதும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைப் பிறகு பார்க்கலாம். வேகம் இதயத்தின் மேல் சட்டென்று சுமை ஏற்றும், நேரம் தசையை மெல்லப் பழக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 5 நிமிடம் மிக மெதுவாக நடப்பதை விட்டுவிடக் கூடாது. நடந்து முடித்து உடனே நின்றுவிட்டால் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

இந்தப் பகுதியில் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகியவர்கள் பலர். அவர்கள் தங்கள் பழைய நடையை மனத்தில் வைத்துத் தொடங்குகிறார்கள்; முதல் நாளே ஊருணியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: நடந்த அன்று எப்படி இருந்தது என்பதைவிட, மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அளவிடுங்கள். மறுநாளும் அசதி தீரவில்லை என்றால் நேற்று நடந்தது அதிகம்.

நேரம் பற்றிக் கவனம் வேண்டும். நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டத் தொடங்கும். அந்நேரம் தெருவில் இருந்தால் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும், அவசரத்தில் விழவும் கூடும். மாத்திரைக்கு முன்போ, போட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்தோ நடங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை இங்கு வெயில் கடுமை. நீர் மாத்திரையும் வியர்வையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். அந்த மாதங்களில் விடியற்காலையில், அல்லது வளவுப் பத்தியிலேயே நடப்பது நல்லது. சஷ்டி, கார்த்திகை என்று விரதம் இருக்கும் நாளில், குறிப்பாகச் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும்.

வேகத்தை நாடித்துடிப்பால் அளக்காதீர்கள். பீட்டா பிளாக்கர் துடிப்பைக் கட்டிப்போடும். கைக்கடிகாரம் 90 என்று காட்டும்போதே நோயாளி தன் எல்லையில் இருக்கலாம். பேச்சே நல்ல அளவுகோல். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எங்கள் துறையில் பயன்படும் 6 முதல் 20 வரையிலான உழைப்பு அளவில் இது 11 முதல் 14 வரை வரும்.

பயம் இன்னொரு தடை. 'நடந்தா நெஞ்சு அடைச்சிருமோன்னு பயமா இருக்கு, தம்பி' என்று ஓர் ஆச்சி சொன்னார். வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகள் ஒவ்வொரு அழைப்பிலும் 'ரெஸ்ட் எடுங்க' என்பதும், வீட்டில் வேலைக்கு இருப்பவர் தண்ணீர்ச் செம்பைக்கூடக் கைக்குக் கொண்டுவருவதும் அந்தப் பயத்தை உறுதிப்படுத்தின. 2009-இல் வந்த 'எச்.எஃப்.-ஆக்‌ஷன்' ஆய்வில் 2,331 நோயாளிகள் இருந்தார்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பயிற்சி பாதுகாப்பானது என்பதை அது காட்டியது. இதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அவர்கள் தொலைபேசியில் 'இன்னைக்கு எத்தனை நிமிஷம் நடந்தீங்க' என்று கேட்கத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். சோர்வும் தூக்கமின்மையும் விருப்பமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருத்துவம் உண்டு.

7. கால் வலுவைக் கூட்டுங்கள்

நடை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் திண்ணைப் படியில் ஏறும்போது திணறுவார்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், இதைச் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் 8 முதல் 10 முறை. தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல் 10 முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10 முறை. சற்று ஓய்வெடுத்து மீண்டும் ஒரு சுற்று.

மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது என்பதை நூறு முறை சொன்னாலும் தகும். அப்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். எழும்போது 'ஒண்ணு', 'ரெண்டு' என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து அண்மையில் திரும்பிய முதியவர்களுக்கு நிலைகொள்ளுதல், வலு, நகர்வு, தாங்குதிறன் ஆகிய நான்கையும் சேர்த்துப் பயிற்றுவிப்பதே ஏற்றது. 2021-இல் வந்த 'ரீஹேப்-எச்.எஃப்.' ஆய்வில் அப்படிப் பயிற்றுவிக்கப்பட்ட 60 வயதைக் கடந்தவர்களின் உடல் இயக்கம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டது. ஒரு காலில் நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடப்பது ஆகியவற்றைத் தூண் அருகிலேயே செய்ய வேண்டும்.

8. மூச்சுத் தசை

சிலருக்குக் கால் தாங்கும், மூச்சு தாங்காது. உள்மூச்சுத் தசையின் அழுத்தத்தை அளந்து, அது குறைந்திருந்தால், எதிர்ப்புள்ள சிறு கருவி வழியாக மூச்சை இழுக்கும் பயிற்சி உதவும். அளக்காமல் கருவி வாங்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் மூன்று பந்துக் கருவி இந்தப் பயிற்சிக்கானது அன்று.

9. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, கண் இருட்டுதல், துடிப்பு தாறுமாறாக ஓடுதல், குளிர்ந்த வியர்வை, நின்று சில நிமிடம் ஆகியும் அடங்காத மூச்சு: இவற்றில் ஒன்று வந்தாலும் உட்கார வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ ஓய்விலும் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். இரவில் படுக்க முடியாமல் தலையணையைக் கூட்டிக்கொண்டே போவதும் ஓர் அறிகுறிதான். அடுத்த நாள் நடை கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். தனியாக வசிப்பவர்கள் நடக்கும்போது கைபேசியும் மருந்துச் சீட்டின் நகலும் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ இருக்கட்டும்.

10. மீண்டும் அளவெடுப்பதும், இடையில் விட்டுப்போனால் செய்ய வேண்டியதும்

மூன்று மாதம் கழித்து அதே பாதையில், அதே நேரத்தில், மருந்தும் உணவும் அதே இடைவெளியில் இருக்க, ஆறு நிமிட நடையை மீண்டும் அளக்கவும். 30 மீட்டர் கூடியிருந்தால் நோயாளி தன் அன்றாட வாழ்விலேயே உணரக்கூடிய மாற்றம் அது. கூடவில்லை என்றால் பயிற்சியைக் கடுமையாக்குவதற்கு முன் 2, 3, 5 ஆகிய படிகளைத் திரும்பப் பாருங்கள். தேங்கிய நீர், கிடைக்காத இரும்பு, கூட்டப்படாமல் நின்ற மருந்தளவு, வலி மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அங்கே இருக்கும். எண்ணோடு ஓர் இலக்கும் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையார்பட்டிப் பிரகாரத்தை உட்காராமல் சுற்றுவது முதல் இலக்காக இருக்கலாம். படி ஏற வேண்டிய குன்றக்குடி அதற்குப் பிந்தையது, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகு.

திருமணம், காய்ச்சல், பயணம் என்று இடைவெளி விழவே செய்யும். சில நாள் விட்டுப்போயிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் பாதி நேரத்தில் தொடங்கி ஏற வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்து திரும்பியிருந்தால், முன்பு எவ்வளவு நடந்திருந்தாலும், 2-ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.